வசனம் மறந்தால் எடுத்துக்கொடுப்பது யார்? நாடகக் குழுக்களுக்கு ஓர் ஒப்பீடு

பொங்கல் விழாவுக்கோ சங்கத்தின் ஆண்டு விழாவுக்கோ நாடகம் போட முடிவுசெய்த குழு, வேடங்களைப் பிரித்துக் கொடுத்த கையோடு ஒரு கேள்வியில் வந்து நிற்கும். மேடையில் யாராவது வசனத்தை மறந்துவிட்டால் என்ன செய்வது? பக்கத்திரையில், அதாவது மேடையோரத் திரை மறைவில், வசனம் எடுத்துக்கொடுக்கும் ப்ராம்ப்டராக ஒருவரைப் பிரதியோடு நிறுத்தலாமா, காதில் கருவி மாட்டலாமா, வசனம் முழுவதையும் ஒலிப்பதிவு செய்து ஓடவிடலாமா, அல்லது யாருமே வேண்டாம் என்று துணிந்துவிடலாமா? குழுவின் மூத்தவர், "எங்கள் காலத்தில் ப்ராம்ப்டர் இல்லாமல் திரையே ஏறாது" என்பார். இளையவர், "ப்ராம்ப்டர் இருந்தால் ஒருவரும் மனப்பாடம் செய்ய மாட்டார்கள்" என்பார்.

இருவர் சொல்வதும் கண்ணால் கண்ட உண்மைதான். ஆனால் இருவரும் வெவ்வேறு நாடகங்களை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகள் என்ற சிறுவர் நாடகக் குழுக்களில் சிறுவர்கள் கம்பெனி வீட்டிலேயே தங்கி, அன்றாடம் பாடம் சொல்லி, பாட்டும் வசனமும் நாக்கில் ஊறிய பிறகே மேடை ஏறினார்கள். 1891-இல் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் தொடங்கிய சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவில் இருந்தவர்களோ வேறு வேலை பார்த்துக்கொண்டே நடித்தவர்கள். இன்றைய குழுக்களில் பெரும்பாலானவை இரண்டாவது வகை. அலுவலகம் முடிந்து ஏழு மணிக்கு ஒத்திகைக்கு ஓடிவருகிறவர்களுக்கு மறதி வருவது குற்றமே அல்ல. அதற்கு ஏற்பாடு செய்யாமல் அவர்களை மேடையில் நிறுத்துவதுதான் தவறு.

நான் பல ஆண்டுகளாகப் பக்கத்திரையில் பிரதியோடு நிற்பவன். அந்தச் சாய்வு எனக்கு உண்டு, தெரிந்துகொண்டே படியுங்கள்.

## எதை வைத்து அளப்பது

மேடையில் வரும் மறதி ஒரே வகை அல்ல. மிகச் சாதாரணமானது, வரி தெரிந்திருந்தும் தொடக்கச் சொல் நழுவிப்போவது. அந்த ஒரு சொல் கிடைத்தால் மீதி தானாக வந்துவிடும். அடுத்தது தாவல். இரண்டாம் காட்சியிலும் நான்காம் காட்சியிலும் எதிரில் நிற்பவரின் வரி "சரி, நீங்களே சொல்லுங்கள்" என்று முடிகிறது என்று வையுங்கள். இரண்டாம் காட்சியில் இருப்பவர் நான்காம் காட்சியின் பதிலைச் சொல்லிவிடுவார். நாடகம் இருபது நிமிடம் முன்னால் குதித்துவிடும். நடுவில் விடுபட்டதில் கதைக்கு உயிரான செய்தி ஏதாவது இருந்தால் அதன்பின் பார்வையாளருக்கு எதுவுமே விளங்காது. மூன்றாவது முழு வெறுமை. எந்தக் காட்சியில் நிற்கிறோம் என்பதே தெரியாது, எதிரில் நிற்பவரின் முகம்கூடப் புதிதாகத் தெரியும்.

இந்த மூன்றில் எதை எந்த ஏற்பாடு மீட்கும் என்பது என் முதல் அளவுகோல். சொல் எவ்வளவு வேகமாக நடிகரை எட்டுகிறது, பார்வையாளர் காதுக்கும் மைக்குக்கும் எவ்வளவு கசிகிறது என்பவை அடுத்தவை. நடிகரின் கண்ணும் உடலும் எங்கே இழுக்கப்படுகின்றன என்பதை நான் இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன். கடைசியாகச் செலவு. பணம் மட்டும் அல்ல, ஆள், நேரம், பழக்கம் எல்லாம் அதில் சேரும்.

## பக்கத்திரையில் ப்ராம்ப்டர்

சென்னை சபா மேடையிலிருந்து ஊர்ச் சங்கப் பந்தல் வரை பழகிய முறை இது. ஒரு நாற்காலி, பிரதியின் மேல் மட்டும் விழும்படி மறைத்த சிறு விளக்கு, அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும் செலவு. நல்ல ப்ராம்ப்டர் இருந்தால் மூன்று வகை மறதியையும் மீட்க இதைவிடச் சிறந்த வழி இல்லை. தாவல் நேர்ந்ததை முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான், பிரதி அவர் மடியில் இருக்கிறது. விடுபட்ட பக்கங்களில் கதைக்கு அவசியமான ஒரு வரியைத் தேடி, அதை யார் வாயில் போட்டால் நாடகம் பழைய தடத்துக்குத் திரும்பும் என்று அந்த நொடியிலேயே முடிவுசெய்ய அவரால் முடியும். எந்தக் கருவிக்கும் இது கைவராது.

ஆனால் பெரும்பாலான குழுக்கள் இந்த வேலையை வேடம் கிடைக்காத யாரோ ஒருவர் கையில், நாடகத்துக்கு முந்திய நாள் கொடுக்கின்றன. அவருக்குப் பிரதி தெரியும், நடிப்பு தெரியாது. கதாநாயகி தந்தையின் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று விநாடி மௌனமாக நிற்க வேண்டிய இடத்தில், மறந்துவிட்டாள் என்று நினைத்து அடுத்த வரியைச் சொல்லிவிடுகிறார். ஒத்திகையில் வாரக்கணக்காகச் செதுக்கிய மௌனம் போய்விட்டது. நடிப்பின் நிறுத்தத்தையும் மறதியின் நிறுத்தத்தையும் பிரித்தறிவதுதான் இந்த வேலையில் பாதிக்கு மேல். அதற்கு ஒத்திகை முழுவதும் உடனிருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டின் மறைமுகச் செலவு அதுதான்: மேடையில் முகமே காட்டாத ஒருவர், கதாநாயகன் கொடுக்கும் அளவு மாலை நேரங்களைக் கொடுக்க வேண்டும்.

பிரதியையும் அவர் தனியாகத் தயாரித்துக்கொள்ள வேண்டும். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் பெரிய எழுத்தில் அச்சிட்டு, எதிர்ப்பக்கத்தைக் குறிப்புக்கு விட்டுவிடலாம். நிறுத்தங்களுக்குச் சிவப்பில் ஒரு கோடு, நடிகர் நகரும் இடங்களுக்கு நீலத்தில் ஓர் அம்பு, ஒத்திகையில் ஒருவர் இரண்டு முறை தடுமாறிய வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. புள்ளிகள் குவிந்த பக்கம் வரும்போது விரல் வரியின் மேல் இருக்கும், மூச்சு தயாராக இருக்கும். ஒரேமாதிரி முடியும் வரிகளை முன்கூட்டியே தேடிப்பிடித்து எழுதியவரிடம் சொல்லி ஒன்றை மாற்றிவிட்டால், தாவல்களில் பல பிறக்கவே பிறக்காது.

எதை எடுத்துக்கொடுப்பது என்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. நம் வசனங்களில் நிறைய வரிகள் "ஆனால்", "அதனால்", "அப்படியென்றால்" என்று தொடங்கும். ப்ராம்ப்டர் "ஆனால்" என்று எடுத்துக்கொடுத்தால் நடிகரும் "ஆனால்..." என்று சொல்லிவிட்டு மறுபடி நிற்பார், இம்முறை சபையறிய. "ஆனால் அப்பா, மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டோமே" என்பது வரியானால் கொடுக்க வேண்டியது "மண்டபத்துக்கு முன்பணம்". அந்த வரிக்கே உரிய சொல்லைக் கொடுத்தால் முன்னும் பின்னும் தானாக ஒட்டிக்கொள்ளும்.

குரல் கிசுகிசுப்பாக இருக்கக் கூடாது. கிசுகிசுக்கும்போது 'ச', 'ஸ' ஒலிகள் சீறும். மேடைக்கு மேலே தொங்கும் மைக் இருந்தால் அது முதலில் பிடிப்பது அந்தச் சீறலைத்தான், கடைசி வரிசை வரை கேட்கும். தணிந்த, ஆனால் முழுமையான குரலில், நடிகரின் பக்கம் முகம் திருப்பிச் சொல்ல வேண்டும். அரங்கத்துக்கு ஒருநாள் முன்னதாகப் போய் மைக் எங்கே தொங்குகிறது என்று பார்த்து நாற்காலியைப் போடுவது நல்லது. நடிகர்கள் சட்டையில் குத்தும் மைக் அணிந்தால் கசிவு குறையும். ஆனால் நடிகர் பக்கத்திரையை ஒட்டி நிற்கும் காட்சிகளில் அதுவும் பிடித்துவிடும்.

இன்னொரு மறைமுகச் செலவு, நடிகர்கள் நகர்ந்துவிடுவது. மனப்பாடம் போதாதவர் தன்னையறியாமல் ப்ராம்ப்டர் இருக்கும் பக்கமாக அடியெடுத்து வைப்பார். அவரோடு பேசுபவரும் நகர்வார். மூன்றாம் காட்சிக்குள் மேடையின் பாதி காலியாகிவிடும். வரி வரியாக எடுத்துக்கொடுக்கச் சொல்லும் நடிகர் இன்னும் மோசம். கேட்டுவிட்டுச் சொல்வதால் அவருடைய ஒவ்வொரு வாக்கியமும் அரை விநாடி தாமதமாகத் தொடங்கும். நகைச்சுவை நாடகத்தில் அந்த அரை விநாடி சிரிப்பையே கொன்றுவிடும்.

ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட நாடகம், ஆறேழு பாத்திரங்கள், வேலைக்குப் போகும் நடிகர்கள், ஒத்திகைக்குத் தவறாமல் வர ஓர் ஆள்: இவ்வளவும் இருந்தால் வேறு ஏற்பாட்டைத் தேடவே வேண்டாம்.

## முன்னால் உட்காரும் ப்ராம்ப்டர்

ஐரோப்பிய ஆப்பெரா அரங்குகளில் மேடையின் முன்விளிம்பு நடுவே ஒரு சிறு கூண்டு இருக்கும். பாடகர்களுக்கு மட்டும் முகம் தெரியும்படி அதில் அமர்ந்திருப்பவர், ஒவ்வோர் அடிக்கும் சற்று முன்னதாகவே அதன் முதல் சொற்களைக் கொடுத்துக்கொண்டிருப்பார். வாத்திய இசை அவர் குரலை மூடிவிடும். ஜெர்மன் நாடக அரங்குகளில் வசன நாடகங்களுக்கும் இன்றுவரை சம்பளம் வாங்கும் ப்ராம்ப்டர்கள் இருக்கிறார்கள். பல இடங்களில் அவர்களின் இருக்கை முதல் வரிசையில்தான்.

நடிகர் பார்வையாளர் பக்கமே பார்ப்பதால் கண் தவறான திசைக்குப் போவதில்லை, உதட்டசைவைப் பார்த்தே சொல்லைப் பிடித்துவிடலாம். ஆனால் நம் மண்டபங்களில் கூண்டு கிடையாது. முதல் வரிசையில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கும் சிறப்பு விருந்தினருக்கு எல்லாம் கேட்கும், பிரதிக்கு வெளிச்சமும் இருக்காது. மேடை உயரமாக இருந்து, அதன் அடியில் வாத்தியக் குழு அமரும் இசை நாடகத்துக்கு மட்டும் இதை யோசிக்கலாம்.

## மேடையிலேயே, எல்லோர் கண்ணெதிரே

தெருக்கூத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணையோடு பின்பாட்டுக்காரர்கள் கூத்தர்களுக்குப் பின்னால் வெளிப்படையாகவே இருக்கிறார்கள். கூத்தர் பாடிய அடியை அவர்கள் வாங்கித் திருப்பிப் பாடும் நேரத்தில் அவருக்கு மூச்சும் கிடைக்கிறது, அடுத்த அடி நினைவுக்கு வர அவகாசமும் கிடைக்கிறது. கூத்தின் கோமாளியும் கதைசொல்லியுமான கட்டியங்காரன் கேள்வி கேட்டே பாத்திரத்தின் வாயிலிருந்து கதையை வரவழைக்கிறான். ஸ்பெஷல் நாடகத்தில் வெவ்வேறு ஊர் நடிகர்கள் கூட்டு ஒத்திகையே இல்லாமல் அன்றிரவு மேடையில் சந்திக்கிறார்கள். மேடையோரம் இருக்கும் ஆர்மோனியக்காரர் அவர்களைக் கட்டி நடத்துகிறார். நினைவூட்டுவதை மறைக்க வேண்டிய குறையாக நம் மரபு கருதவில்லை, நிகழ்வின் ஓர் உறுப்பாகவே ஆக்கிக்கொண்டது. எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு.

இன்றைய நாடகத்தில் இதைக் கொண்டுவர வேண்டுமானால் எழுதும்போதே இடம்விட வேண்டும். நீதிமன்றக் காட்சியில் குமாஸ்தா, அரசவையில் ஓலை ஏந்திய மந்திரி, கதை சொல்லும் சூத்திரதாரி என்று ஒரு பாத்திரத்தின் கையில் பிரதி நியாயமாகவே இருக்கும்படி அமைக்கலாம். சமையலறையிலும் வரவேற்பறையிலும் நடக்கும் குடும்ப நாடகத்தில் இப்படி ஒருவரை வலிந்து நுழைத்தால் ஒட்டாது. ஏற்கெனவே எழுதி முடித்த பிரதியில் இதை ஒட்டவைக்க முயலவே வேண்டாம்.

## காதுக்குள் கருவி

பெரிய அரங்குகளிலேயே வந்துவிட்ட முறை இது. 2009-இல் லண்டன் ஓல்ட் விக் அரங்கில் அமெரிக்க நடிகர் ரிச்சர்ட் டிரைஃபஸ் காதுக்கருவியோடு நடித்தது செய்தியாயிற்று. கைபேசியும் புளூடூத் காதுக்கருவியும் எல்லோரிடமும் இருக்கும் இந்தக் காலத்தில் நம் குழுக்களும் முயல்கின்றன. பக்கத்திரையில் ஒருவர் கைபேசியில் பேச, நடிகரின் காதில் மட்டும் விழுகிறது. கசிவு அறவே இல்லை, கருவியின் எட்டத்துக்குள் மேடையின் எந்த மூலையில் நின்றாலும் கேட்கும். வயது முதிர்ந்த, நல்ல நடிப்பாற்றல் உள்ள ஒருவர் நினைவாற்றல் குறைந்ததால் மேடையை விட்டு விலகிவிடுவாரோ என்ற நிலையில் இந்தக் கருவி பெரிய கொடை. அவருக்காக இதை வாங்குவதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை.

மற்றவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். காதில் ஒரு குரல், எதிரில் ஒரு குரல் என்று இரண்டையும் கேட்பவர் எதிரில் நிற்பவரைக் கேட்பதை மெல்ல நிறுத்திவிடுகிறார். முகம் சற்றே சாய்ந்து, கண் தூரத்தில் நிலைத்துவிடும். பார்வையாளருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ சரியில்லை என்பது தெரியும். மறைமுகச் செலவுகளும் அடுக்கடுக்காக வரும். சாதாரண புளூடூத்தின் எட்டம் சுமார் பத்து மீட்டர்தான், நடுவில் ஆட்கள் நின்றால் இன்னும் குறையும். இரண்டாம் பாதியில் பேட்டரி தீரலாம், விக்குக்குள் வியர்வையில் கருவி நழுவலாம். உச்சக்கட்டக் காட்சியில் கைபேசிக்கு அழைப்பு வந்தால் நடிகரின் காதில் மணி அடிக்கும். ஒரே கைபேசியிலிருந்து பேசுவதானால் அதை விமானப் பயன்முறையில் போட்டு, புளூடூத்தை மட்டும் இயக்கிவைக்க வேண்டும். கருவி கெட்டுப்போனால் என்ன செய்வது என்பதையும் ஒருமுறை ஒத்திகை பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் அதை நம்பியவர் மனப்பாடம் செய்திருக்க மாட்டார்.

## எழுதி வைத்துப் பார்ப்பது

மேசை மேல் செய்தித்தாள், கணக்குப் பேரேடு, மருத்துவரின் கோப்பு என்று எதற்குள் வேண்டுமானாலும் வசனத்தை ஒட்டிவைக்கலாம். முதல் வகை மறதிக்கு மட்டுமே உதவும். அரங்கப் பொருள்களைப் பார்த்துக்கொள்பவர் பேரேட்டை மாற்றி வைத்துவிட்டாலோ, பாத்திரத்துக்குக் கண்ணாடி கிடையாது என்பதால் நடிகர் கண்ணாடியைக் கழற்றியிருந்தாலோ அந்த உதவியும் இல்லை. மேடையில் வாய்விட்டுப் படிக்கப்படும் கடிதம், உயில், ஓலை ஆகியவற்றில் மட்டும் உண்மையான வரிகளையே பெரிய எழுத்தில் எழுதிவைக்க வேண்டும். வெறும் தாளை வைத்துக்கொண்டு உயிலை மனப்பாடமாகச் சொல்லச் சொல்வது நடிகருக்குச் செய்யும் அநியாயம்.

மேடை விளிம்பில் திரை வைத்து வசனத்தை ஓட்டுவதும் உண்டு. கண் கீழே போவதை எல்லோரும் பார்த்துவிடுவார்கள். ஒருவர் ஒரு பக்கம் தாவிவிட்டால் திரையை ஓட்டுபவர் தேடிப்பிடிப்பதற்குள் மற்றவர்களும் தடுமாறுவார்கள். நன்றியுரைக்கும் அறிவிப்புக்கும் அது போதும்.

## ஒலிப்பதிவு

பள்ளி ஆண்டு விழாக்களில் இன்று பெரும்பாலும் இதுதான். வசனம் முழுவதும் முன்பே பதிவாகிவிடும், குழந்தைகள் வாயசைப்பார்கள். அறுபது குழந்தைகள், திறந்த மைதானம், இரண்டே மைக் என்றால் இதற்கு மாற்று கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மறதி என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் இதன் விலை எனக்கு அதிகமாகத் தோன்றுகிறது. சபை சிரித்தால் பதிவு காத்திருக்காது, அடுத்த வரி சிரிப்பில் மூழ்கும். ஒரு குழந்தை தாமதமாக மேடைக்கு வந்தால் அதன் குரல் ஆளில்லாத மேடையில் ஒலிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, சபையின் முன் சொந்தக் குரலில் ஒரு வரி பேசும் அனுபவம் அந்தக் குழந்தைக்குக் கிடைக்காமலே போகிறது. கூட்டக் காட்சிகளுக்கும் ஆட்டத்துக்கும் பதிவை வைத்துக்கொண்டு, நான்கைந்து குழந்தைகளையாவது நேரடியாகப் பேசவிடுங்கள். அவர்கள் மறந்தால் ஆசிரியர் மேடையோரம் நின்று உரக்கவே எடுத்துக்கொடுக்கலாம். அதற்காகக் கோபப்படும் பெற்றோரை நான் பார்த்ததில்லை.

## யாரும் வேண்டாம் என்று துணிவது

இருபது முப்பது நிமிட நாடகம், மூன்று நான்கு பேர், பலமுறை சேர்ந்து நடித்த குழு என்றால் இது நடக்கும், நன்றாகவே நடக்கும். துணிச்சலால் அல்ல, பயிற்சியால். நடிகர்கள் எப்படி நினைவில் வைக்கிறார்கள் என்று ஆராய்ந்த ஹெல்கா நொய்ஸும் டோனி நொய்ஸும் கண்டது இங்கே உதவும். தேர்ந்த நடிகர்கள் சொல்லை உருப்போடுவதைவிட, பாத்திரம் அந்த வரியால் எதிரில் இருப்பவரிடம் என்ன சாதிக்கப் பார்க்கிறது என்று தேடிப் படிக்கிறார்கள். நகர்ந்துகொண்டே சொன்ன வரிகள் நின்று சொன்னவற்றைவிட நன்றாக நினைவில் நிற்கின்றன. வீட்டில் உட்கார்ந்து உருப்போடுவதைக் குறைத்து, எழுந்து நடந்து, டம்ளரை எடுத்து வைத்துச் சொல்லிப் பழகுவது வீண்போகாது.

அதோடு மீட்புப் பயிற்சி வேண்டும். ஒத்திகையில் ஒருவரை வேண்டுமென்றே ஒரு வரியை விழுங்கச் சொல்லுங்கள், யாரென்று மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டாம். எதிரில் இருப்பவர் அந்த வரியைக் கேள்வியாக மாற்றிக் கொடுக்க வேண்டும். "மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டோமே" என்பதைச் சொல்ல வேண்டியவர் நிற்கிறார் என்றால், தந்தை வேடக்காரர் "ஏன் தயங்குகிறாய்? முன்பணம் ஏதாவது கட்டிவிட்டாயா?" என்று கேட்கலாம். "ஏன் பேசாமல் நிற்கிறாய்?" என்று மட்டும் கேட்டால் அது உதவி ஆகாது, நெருப்பில் நெய் வார்த்ததாகிவிடும்.

இதிலும் ஒரு மறைமுகச் செலவு உண்டு: மீட்கும் சுமை எப்போதும் குழுவின் மிகச் சிறந்த நடிகர் தலையில்தான் விழும். தன் பாத்திரத்தை விட்டுவிட்டு மற்றவர் வசனத்தையும் காத்துக்கொண்டிருப்பவரின் நடிப்பு மங்கிப்போகும். முழு வெறுமை வந்தாலோ, நீண்ட தனிமொழியில் ஒருவர் மாட்டிக்கொண்டாலோ காப்பாற்ற யாருமே இருக்க மாட்டார்கள். தனிநபர் நாடகத்தை யாருமில்லாமல் போடுவதை நான் ஆதரிப்பதில்லை.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| ஏற்பாடு | மீட்கும் மறதி | கசிவு | நடிகருக்கு ஆவது | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|
| பக்கத்திரை | மூன்றும் | தொங்கும் மைக்கில் அதிகம் | அந்தப் பக்கம் நகர்வார் | எல்லா ஒத்திகைக்கும் ஓர் ஆள் |
| முன்னிருக்கை | மூன்றும் | முன்வரிசைக்குக் கேட்கும் | பார்வை நேராக இருக்கும் | ஏற்ற அரங்கு கிடைக்காது |
| மேடையில் வெளிப்படையாக | மூன்றும் | மறைக்கத் தேவையில்லை | இயல்பு கெடாது | பிரதியை அதற்கென எழுத வேண்டும் |
| காதுக்கருவி | மூன்றும், கருவி இயங்கும்வரை | இல்லை | எதிராளியைக் கேட்பது குறையும் | பேட்டரி, எட்டம், சார்ந்திருத்தல் |
| எழுத்து | தொடக்கச் சொல் மட்டும் | இல்லை | கண் கீழே போகும் | அரங்கப் பொருள் மாறும் அபாயம் |
| ஒலிப்பதிவு | மறதிக்கே இடமில்லை | இல்லை | குரல் பறிபோகும் | சபையோடு உறவு அறும் |
| யாருமில்லை | முதல் இரண்டு, பயிற்சி இருந்தால் | இல்லை | முழுக் கவனம் | சிறந்த நடிகரின் சுமை |

## சேர்த்து வைக்கலாமா

பக்கத்திரை ப்ராம்ப்டரும் மீட்புப் பயிற்சியும் நன்றாகச் சேரும். நான் எல்லாக் குழுவுக்கும் சொல்வது இந்தச் சேர்க்கைதான். முதலில் உடன் நடிப்பவர் கைகொடுக்க வேண்டும், அது பலிக்காவிட்டால் ப்ராம்ப்டர். காதுக்கருவி அணிந்தவருக்குப் பக்கத்திரையிலிருந்தும் குரல் கொடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும், அவருக்கு ஒரே வழியாக மட்டும் சொல்லுங்கள். இரண்டு பக்கத்திரையிலும் ஆள் நிறுத்தினால் பிரதியைப் பின்தொடரும் பொறுப்பு ஒருவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். மற்றவர் எதிர்ப்பக்கத்து நடிகருக்கு அவர் கைகாட்டும்போது மட்டும் சொல்ல வேண்டும்.

எந்த ஏற்பாடானாலும், பிரதியைக் கையிலிருந்து கீழே வைக்கும் முதல் ஒத்திகையிலேயே உதவி கேட்கும் சைகையைப் பேசி முடிவுசெய்துவிடுங்கள். கட்டைவிரலால் மோதிரத்தைத் தொடுவது, துண்டைத் தோள் மாற்றுவது என்று பாத்திரத்துக்குப் பொருந்தும் ஏதாவது ஒன்று. சைகை வந்தால் உடனே சொல், வராவிட்டால் ஐந்து விநாடி பொறு என்பது ப்ராம்ப்டருக்கு விதி. சைகை செய்யக்கூட நினைவில்லாமல் ஒருவர் உறைந்து நிற்பது கண்ணில் தெரிந்தால் அந்த விதியை மீறும் உரிமையும் அவருக்கு உண்டு. அதை நடிகர்கள் எல்லோர் முன்னிலும் இயக்குநரே அவருக்குக் கொடுத்துவிட வேண்டும்.